சி மொழிக்கு முதல் புத்தகம்: கடையில் வைத்தே சோதித்து வாங்குவது எப்படி?

நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், "அண்ணே, சி புரோகிராமிங் புக் ஒண்ணு வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு முன்னால் கேள்விதான் வரும்: "எந்த யூனிவர்சிட்டி மக்கா? மனோன்மணியமா, அண்ணாவா? எத்தனாவது செமஸ்டர்?" கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பரீட்சைக்காக வருகிறவர்கள். செமஸ்டரைச் சொன்னதும் மெலிதாக ஒன்றை எடுத்து நீட்டுவார். சின்னக் கேள்வி, பெரிய கேள்வி, பழைய வினாத்தாள் எல்லாம் உள்ளே இருக்கும். பாஸாகிவிடலாம். ஆனால் அதை மட்டும் வைத்துப் புரோகிராம் எழுதப் பழகிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால் கடைக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தேவை மார்க்கா, மொழியா? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு புத்தகம் வேண்டும். பரீட்சைப் புத்தகத்தை யாராவது சீனியரிடம் இரவல் வாங்கலாம், தேர்வுக்கு முந்தின வாரம் கையில் இருந்தால் போதும். காசு போட்டு வாங்க வேண்டியது மற்றதைத்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியது.

முதலில் கம்பைலர், அப்புறம் புத்தகம்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் பாதி விலைக்கு ஒரு தடித்த சி புத்தகம் கிடைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நண்பன் போட்டுக் கொடுத்த உபுண்டு லினக்ஸ். முதல் புரோகிராமை ஒரு எழுத்து விடாமல் தட்டினேன். 'கோனியோ டாட் ஹெச்' என்று ஒரு கோப்பே இல்லை என்றது கம்பைலர், அதாவது நாம் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். உபுண்டுவை அழித்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். இரண்டு சாயங்காலம் போன பிறகு, பக்கத்து வீட்டு அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லடே. இது டர்போ சி புக்கு."

டர்போ சி என்பது போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கம்பைலர். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துச் சரக்கு. நம் ஊரில் கல்லூரி லேப்களில் அது உட்கார்ந்த உட்காருக்கு, அதை ஒட்டியே ஒரு புத்தகத் தலைமுறை உருவாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி கம்பைலரை வெளியிட்டதும் அதே 1987-இல்தான். ஒன்று எப்போதோ நின்றுபோனது, மற்றது இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நீங்கள் பயன்படுத்தப் போவது ஜிசிசியாகவோ அதோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் கிளாங் கம்பைலராகவோ இருக்கட்டும்.

லினக்ஸ் இருந்தால் ஜிசிசியை ஒரே வரியில் நிறுவலாம். விண்டோஸ் என்றால் ஜிசிசியோடு சேர்ந்தே வரும் கோட் பிளாக்ஸ் பொதியைப் பாருங்கள். கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, அதற்குள் கிளாங் போட்டால் சிறிய புரோகிராம்கள் நன்றாகவே ஓடும். விரல்தான் வலிக்கும்.

"வணக்கம்" என்று ஒரு வரி அச்சிட்டுப் பார்த்து, அது ஓடிய பிறகு கடைக்குக் கிளம்புங்கள். அப்போதுதான் எந்தக் கம்பைலருக்கான புத்தகம் தேவை என்று தெரிந்து வாங்குவீர்கள்.

கடையில் எந்தப் பக்கங்களைத் திறப்பது

அட்டையையும் முன்னுரையையும் விட்டுவிடுங்கள். "மிக எளிமையாக எழுதப்பட்டது" என்று எல்லா முன்னுரையும்தான் சொல்லும்.

முதல் புரோகிராம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். மேலே கோனியோ டாட் ஹெச், நடுவில் திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்', கடைசியில் ஒரு எழுத்துக்காகக் காத்திருக்கும் 'கெட்ச்'. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது டர்போ சி புத்தகம். கூடவே 'வாய்டு மெயின்' என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். சித் தரப்படி, அதாவது சி மொழிக்கான அதிகாரபூர்வ விதிகளின்படி, சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமின் தொடக்க ஃபங்ஷனான மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும், அதாவது 'இன்ட் மெயின்'. 'வாய்டு மெயின்' சில கம்பைலரில் ஓடும் என்பது வேறு விஷயம்.

அடுத்து டேட்டா டைப் அட்டவணை. 'இன்ட்' இரண்டு பைட், உச்ச மதிப்பு 32767 என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய 16 பிட் கணக்கு. இன்றைய கம்ப்யூட்டரில் ஜிசிசி கொடுக்கும் இன்ட் நான்கு பைட், 2147483647 வரை போகும். "இது கம்பைலரைப் பொறுத்தது" என்ற வாக்கியம் பக்கத்திலேயே இருந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

இது வெறும் அட்டவணைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கடைக்குக் கணக்கு எழுதுகிறோம் என்று வையுங்கள். 200 கிலோ ஷீட், கிலோ 180 ரூபாய், மொத்தம் 36000. இரண்டு பைட் இன்ட்டில் இதைப் போட்டால் 32767-ஐத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், மைனஸ் 29536 என்று நிற்கும். ரப்பர் கொண்டு வந்தவரே கடைக்குப் பணம் தர வேண்டிய நிலைமை. நல்ல புத்தகம் இப்படி ஒரு கணக்கைக் காட்டிப் பயமுறுத்தும். சுமாரான புத்தகம் அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவதாக நான் திறப்பது வகுத்தல். என் அளவில் இதுதான் மிக நம்பகமான சோதனை. சியில் இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்தான், தசமம் வெட்டுப்பட்டுப் போகும். செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் கணக்கை எடுங்கள். 30 டிகிரி என்றால் 86 வர வேண்டும். 30 * 9 / 5 + 32 என்று எழுதினால் 86 சரியாக வரும். அதையே 9 / 5 * 30 + 32 என்று எழுதுங்கள், 62 வரும். 9 / 5 என்பது 1.8 ஆகாமல் 1 ஆகிவிட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்று, சியில் வேறு வேறு. புதிதாகப் படிக்கிறவர் முதல் வாரத்திலேயே இந்தக் குழியில் விழுவார். அதனால் ஆசிரியர் குழியைக் காட்டி, 9.0 என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் மற்ற இடங்களிலும் அவர் படிப்பவரை நினைத்துத்தான் எழுதியிருப்பார்.

தட்டுவதை உள்ளே வாங்கும் 'ஸ்கேன்எஃப்' வரும் பக்கத்தில் இரண்டு விஷயம். மாறியின் பெயருக்கு முன் போடும் & குறி ஏன் என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? "இப்போதைக்குப் போடுங்கள், காரணம் பாயின்டர் அத்தியாயத்தில்" என்று எழுதியிருந்தால்கூட நேர்மைதான். ஒன்றுமே சொல்லாமல் தாண்டினால், நீங்கள் அதை ஒரு நாள் மறப்பீர்கள், புரோகிராம் விழும், ஏன் என்று தெரியாது. இன்னொன்று, மிச்சமிருக்கும் என்டர். முதலில் ஒரு எண் வாங்கிவிட்டு அடுத்ததாக "தொடரவா, ஆம் என்றால் ஒரு எழுத்தைத் தட்டுங்கள்" என்று கேட்டால், நீங்கள் எதையும் தட்டும் முன்பே புரோகிராம் தாண்டிப் போய்விடும். எண்ணுக்குப் பின் நீங்கள் தட்டிய என்டர் உள்ளே காத்துக் கிடந்து, அதுவே எழுத்தாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த எழுத்தை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் %c-க்கு முன் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது. இதை விளக்கும் புத்தகங்கள் குறைவு. காத்துக் கிடக்கும் உள்ளீட்டைத் துடைக்க 'எஃப்ஃபிளஷ்' செய்யச் சொல்லும் புத்தகங்கள் நிறைய. சித் தரத்தில் உள்ளீட்டுக்கு அப்படி ஒரு செயல் வரையறுக்கப்படவே இல்லை, ஒரு கம்பைலரில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது.

சரம் (ஸ்ட்ரிங், எழுத்துகளின் தொடர்) பற்றிய அத்தியாயத்தில் 'கெட்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை எழுத்து வரலாம் என்று கேட்காமல் வருவதையெல்லாம் உள்ளே விடும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் இன்டர்நெட்டையே தடுமாற வைத்த மோரிஸ் வார்ம் என்ற தானே பரவும் புரோகிராம் நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ஓட்டைதான். 2011-இல் வந்த சி11 தரத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள். அதற்குப் பதில் 'எஃப்கெட்ஸ்' சொல்லித்தரும் புத்தகம் வேண்டும்.

அப்புறம் பாயின்டர், அதாவது இன்னொரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறி. முழு அத்தியாயத்தையும் கடையில் நின்று வாசிக்க முடியாது, கடைக்காரர் முகம் மாறும். இரண்டு எண்களை இடம் மாற்றும் 'ஸ்வாப்' உதாரணத்தை மட்டும் தேடுங்கள். பாயின்டர் இல்லாமல் எழுதினால் ஏன் மாறவில்லை என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு பெட்டி பெட்டியாகப் படம் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி எண் எழுதி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். படம் இல்லாத பாயின்டர் அத்தியாயம் மீன் இல்லாத மீன்குழம்பு.

கடைசியாகப் பயிற்சிக் கணக்குகள். ஒரு அத்தியாயத்தின் முடிவில் "பின்வருவனவற்றின் வெளியீடு என்ன" என்ற கேள்வி மட்டும் இருந்தால் வேண்டாம். ஐ++ கூட்டல் ++ஐ என்று ஒரே வரியில் ஒரே மாறியை இரண்டு முறை ஏற்றி விடை கேட்கும் புத்தகங்கள் உண்டு. ஏதோ ஒரு எண்ணை விடையாகப் போட்டிருப்பார்கள். சித் தரத்தின்படி அதற்கு விடையே கிடையாது, கம்பைலர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பரீட்சையில் கேட்டால் சார் எதிர்பார்ப்பதை எழுதிவிட்டு வாருங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். "இதைச் செய்யும் புரோகிராம் எழுது" என்ற வகைக் கணக்குகள் அத்தியாயத்துக்குக் குறைந்தது பத்து இருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பெயர் பெற்ற புத்தகங்கள்

"கே அண்ட் ஆர் வாங்கு, அதுதான் வேதம்" என்று யாராவது சொல்வார்கள். பிரையன் கெர்னிகனும், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்து எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' அது. முதல் பதிப்பு 1978, இரண்டாவது 1988. முந்நூறு பக்கம்கூட வராது, ஒரு சொல் அதிகமிருக்காது. நான் மிகவும் மதிக்கும் புத்தகம். ஆனாலும் முதல் புத்தகமாக வேண்டாம். மாறி, லூப், ஃபங்ஷன் போன்றவை ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதியது என்று ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். பைதான் போல வேறு ஒரு மொழி தெரிந்தவர் என்றால் இன்றே வாங்கலாம். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வாருங்கள். வாங்கும்போது இரண்டாம் பதிப்புதானா என்று பாருங்கள், அட்டையில் ஆன்சி சி என்று முத்திரை இருக்கும்.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பாலகுருசாமி புத்தகமும் யஷ்வந்த் கனேட்கர் புத்தகமும். முன்னவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். இரண்டும் பல பதிப்பு கண்டவை. அதனால் "அந்தப் புத்தகம் நல்லதா" என்று கேட்பதில் பொருள் இல்லை, கையில் இருக்கும் பதிப்பை மேலே சொன்ன பக்கங்களில் திறந்து பாருங்கள். கே. என். கிங் எழுதிய 'சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்' இரண்டாம் பதிப்பு என் சோதனையில் எல்லாவற்றையும் தாண்டும், சி99 தரம் வரை சொல்லும். ஆனால் செங்கல் கனம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால்

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது உண்மையான கஷ்டம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாடு பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் தமிழ் வழிப் பதிப்பை எடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இருப்பது சி இல்லை, சி++. ஆனாலும் மாறி, செயற்குறி, இஃப் எல்ஸ், மடக்கு ஆகிய பாடங்களின் கருத்து சிக்கும் அப்படியே பொருந்தும். உள்ளே வாங்குவதும் வெளியே அச்சிடுவதும் மட்டும் வேறு. அங்கே 'சிஅவுட்', 'சிஇன்' என்று இருக்கும் இடத்தில் நமக்கு பிரின்ட்எஃப், ஸ்கேன்எஃப். லூப் என்றால் மடக்கு, அர்ரே என்றால் அணி, ஃபங்ஷன் என்றால் செயற்கூறு என்று ஒரு தாளில் எழுதி ஆங்கிலப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். தமிழில் கருத்தைப் பிடித்துவிட்டு ஆங்கிலத்தில் அதே பாடத்தை வாசித்தால் வாக்கியங்கள் அவ்வளவு முட்டாது. பாயின்டர் வரும்போது ஆங்கிலப் புத்தகத்தோடு தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும். அதற்குள் பழகியிருக்கும்.

பழைய புத்தகம், நூலகம்

பழைய புத்தகம் வாங்குவதில் தப்பே இல்லை. சி மெதுவாக மாறும் மொழி, பத்து வருடப் பழைய நல்ல புத்தகம் இன்றும் நல்ல புத்தகம்தான். முந்தின சொந்தக்காரர் பென்சிலால் கோடு போட்டிருந்தால் அது எந்தப் பக்கத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அர்ரே அத்தியாயத்தோடு நின்றிருக்கும். பாயின்டர் பக்கங்கள் புத்தம் புதிதாக இருக்கும். அப்படிப்பட்டதை நம்பி வாங்க வேண்டாம் என்பதல்ல, அங்கே வரும்போது பல்லைக் கடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் என்பதால் பூஞ்சை வாடையையும் ஒருமுறை மோந்து பார்த்துவிடுங்கள்.

இதைவிட மலிவு, நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட மைய நூலகம். உறுப்பினராகி ஒன்றை எடுத்துப் போய் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஒத்துவந்தால் அதையே வாங்கலாம். பதிப்பு வருடத்தைப் பார்க்க மறக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் பத்து நாள்

புத்தகத்தில் இருக்கும் புரோகிராமைக் கையால் தட்டுங்கள், எங்கிருந்தும் நகலெடுத்து ஒட்ட வேண்டாம். ஓடியதும் வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு கம்பைலர் என்ன திட்டுகிறது என்று வாசியுங்கள். பிறகு ஒரு அடைப்புக்குறியை எடுங்கள். ஐந்து வாழைக்குலைகளின் எடையை ஓர் அணியில் வைத்திருந்தால் எண்கள் 0 முதல் 4 வரைதான். லூப்பில் < இருக்கும் இடத்தில் <= போட்டுப் பாருங்கள். இல்லாத ஆறாவது குலைக்கும் ஏதோ ஒரு எடை வரும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் மைனஸ் டபிள்யூ-ஆல் (-Wall) சுவிட்ச்சை முதல் நாளிலிருந்தே போட்டுப் பழகுங்கள். அந்த & குறியை மறந்தால்கூட ஜிசிசி அதில் சொல்லிவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து தினமும் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வேலை. ஏதாவது ஒரு லூப்பை நோட்டில் எழுதிக்கொண்டு ஏறுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி போட்டு, சுற்றுக்குச் சுற்று மதிப்பு எப்படி மாறுகிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். தக்கலை வருவதற்குள் முடிந்துவிடும், உட்கார இடம் கிடைத்தால். கல்லூரிக்குப் போய் ஓட்டிப் பார்த்து விடையைச் சரிபாருங்கள்.

பாயின்டரில் மூன்று நாளுக்கு மேல் நின்றுவிட்டால் புத்தகத்தை மாற்ற வேண்டாம். நூலகத்தில் வேறொரு புத்தகத்தை எடுத்து அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நான் அப்படி மூன்று புத்தகங்களின் பாயின்டர் அத்தியாயங்களை அடுத்தடுத்து வாசித்தேன். மூன்றாவதில் சட்டென்று புரிந்தது. மூன்றாவதுதான் நல்ல புத்தகமா, இல்லை முதல் இரண்டும் பாதி வேலையை முடித்து வைத்திருந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.